டிரம்மரின் வீட்டு ஆல்பத்தில் டிரம்ஸ் எங்கே போகிறது?

டிரம்மர் ஒருவர் தனியாக ஆல்பம் போட்டிருக்கிறார் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "சரி, பாடுறது யாரு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அவரேதான் பாடுகிறார், அதுவும் வீட்டுப் பின்னறையிலேயே பதிவு செய்தார் என்றால், "பக்கத்து வீட்டுக்காரங்க சும்மாவா இருந்தாங்க?" என்று அடுத்தது வரும். கேலியாகக் கேட்பதுதான். ஆனால் டிரம்மர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் பாப் ஆல்பங்கள் ஏன் ஒரு தினுசாக இருக்கின்றன என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு கேள்விகளே போதும்.

தினுசு என்றால், பல்லவி எதிர்பார்த்த இடத்தில் வராது. குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கிட்டார் ஒரே கார்டை நாலு நிமிடம் பிடித்துக்கொண்டிருக்கும்; அதற்குள் தாளம் மூன்று தடவை மாறியிருக்கும். 'எக்ஸ்பெரிமென்டல் பாப்' என்று இதற்கு ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆள் வேண்டுமென்றே பாட்டைக் கோணலாக்கியிருக்கிறார் என்று கேட்பவருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டை அவர் எந்த முனையிலிருந்து கட்டத் தொடங்குகிறார், அவர் வீட்டுச் சுவர் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும்தான் பாதிக் கோணலுக்குக் காரணம்.

இதில் முதலில் கவனிக்க வேண்டிய வேடிக்கை, டிரம்மர் வீட்டில் செய்த ஆல்பத்தில் டிரம்ஸ் குறைவாகவே இருக்கும் என்பது. ஜெனசிஸ் ராக் குழுவின் டிரம்மர் பில் காலின்ஸ், மணவாழ்க்கை முறிந்திருந்த நேரத்தில், இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே எட்டு ட்ராக் டேப்பில் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டுப் பதிவுகளின் மேலேயே மற்றதையெல்லாம் சேர்த்துத்தான் 1981-இல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. அதில் உலகமே அறிந்த 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் நிஜ டிரம்ஸே கிடையாது. ரோலண்ட் சி.ஆர்.78 என்ற சின்னத் தாளப் பெட்டி ஒன்று டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம்தான் அந்த அடி விழுகிறது. அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஒரு டிரம்மருக்குத்தான் துணிச்சல் வரும் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு டிரம்ஸ் என்பது ஆரம்பத்திலேயே நிரப்பிவிட வேண்டிய இடம்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் வாசித்த மோ டக்கர் இன்னொரு வகை. நின்றுகொண்டே வாசிப்பவர், சிம்பல் என்கிற உலோகத் தட்டை அதிகம் தொடாதவர். அதே எண்பதுகளின் தொடக்கத்தில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, வீட்டில் பதிவு செய்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். அனிமல் கலெக்டிவ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பாண்டா பேர் என்கிற நோவா லெனாக்ஸ் 2007-இல் போட்ட தனி ஆல்பம் பெரும்பாலும், பதிந்த ஒலித்துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சாம்ப்ளர் பெட்டிகளில் சுழலும் லூப்களால் ஆனது. அண்மைக்கு வந்தால், 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டீர்ஹூஃப் குழுவின் டிரம்மர் கிரெக் சானியர், முப்பது ஆண்டு கழித்து 2024-இல்தான் தன் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். எல்லா வாத்தியமும் அவரே. இத்தனை வருடம் ஏன் காத்திருந்தார் என்று கேட்பதைவிட, குழுவுக்குள் அவருக்கு இல்லாத எது தனியாக இருக்கும்போது கிடைக்கிறது என்று கேட்டால் பதில் சுவாரசியமாக இருக்கும். அதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கோலாலம்பூரிலேயே பார்க்கலாம்.

செந்தூலில் எனக்குத் தெரிந்த டிரம்மர் ஒருவர் இருக்கிறார். கல்யாணம், பிறந்தநாள், கோயில் விருந்து என்று வாசிக்கும் குழு. மேடையில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மண்டபங்கள் மூடின, முன்பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள், குழு கலையவும் இல்லை கூடவும் இல்லை. அந்த மாதங்களில்தான் இவர் பின்னறையில் ஒரு லேப்டாப், மைக்கை அதனோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் வைத்துக்கொண்டு சொந்தப் பாட்டுகளைத் தொடங்கினார். கட்டுப்பாடு நீங்கி மேடைகள் திரும்பிய பிறகும் அதை விடவில்லை.

அவர் இருப்பது டெரஸ் வீடு. நம் தாமான்களில் பார்க்கிறோமே, இருபதடி அகலம், இரண்டு பக்கமும் பொதுச் சுவர். அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம், மேலே பூச்சு. பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல் என்றால் டிரம்ஸை இறங்கி அடிக்கும்போது வாசிப்பவர் காதில் 100-ஐத் தாண்டும். முட்டைத் தட்டை ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று நம்பும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டைத் தட்டும் ஸ்பான்ஞ்சும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சுவரைத் தாண்டிப் போகும் ஒலியைப் பெரும்பாலும் எடைதான் தடுக்கும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 டெசிபல். வாடகை வீட்டில் யார் இன்னொரு சுவர் எழுப்புவது?

அதிலும் காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம் ஒரு தனித் தலைவலி. அதன் அடிநாதம் 50-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பத்தடி அறையில் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கிடையில் இயல்பாக எழும் அதிர்வும் நம் ஊர் வெப்பத்தில் கிட்டத்தட்ட 57 ஹெர்ட்ஸ். அதாவது நம் படுக்கையறைகள் கிக் டிரம்மை ஊதிப் பெருக்கிக் காட்டும் அளவில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே மைக்கில் எல்லாம் கும்மென்று கலங்கி விழும். வெளியே ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு, ஸ்னேர் என்ற சின்ன டிரம் எல்லாம் சுவரில் வடிகட்டப்பட்டு, கிக் மட்டும் போய்ச் சேரும். நண்பரின் பக்கத்து வீட்டு அம்மா சொன்னது இதைவிடத் தெளிவு: "தம்பி, நீங்க வாசிக்கிறதுல ஒண்ணும் குத்தமில்லப்பா. பாட்டே எனக்குக் கேக்கல. அந்த டொம் டொம் மட்டும் என் கட்டிலுக்கு அடியில வந்து நிக்குது."

எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். 1997-இல் ரோலண்ட் வலைத்தோல் போட்ட வி-டிரம்ஸைக் கொண்டுவந்ததிலிருந்து அது ஒரு வழிதான். ஆனால் அடுக்குமாடியில் கிக் பெடலின் இடி தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். இன்னொன்று, கம்ப்யூட்டர் ஒலியைத் திருப்பித் தர எடுத்துக்கொள்ளும் தாமதம். வழக்கமான 256 சாம்பிள் அமைப்பில் ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 6 மில்லிசெகண்ட். ஒலி இரண்டு மீட்டர் நடந்து வரும் நேரம் அது. போக வரச் சேர்த்தால் இரட்டிப்பு. கீபோர்டுக்காரருக்கு அது உறைக்காது. டிரம்மருக்கு, குச்சி தொட்ட நொடிக்கும் சத்தத்துக்கும் நடுவில் யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

நண்பர் கடைசியில் டிரம்ஸ் செட்டை உறை போட்டு மூடிவிட்டார். பெரிய அரிசி டப்பா ஒன்றின் மூடியைக் கட்டைவிரலால் தட்டி, மைக்கை இரண்டு விரல் தூரத்தில் வைத்துப் பதிவு செய்து, அதன் சுதியைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் கிக். ஸ்னேர் மேல் ஒரு துவாலை, குச்சிக்குப் பதில் விரல். பச்சை மைலோ டின்னுக்குள் ஒரு பிடி பாசிப்பயறு போட்டு ஆட்டினால் ஹை-ஹேட். மெதுவாகத் தட்டியதைக் கிட்டே இருந்து பிடித்து, அப்புறம் ஒலியை ஏற்றும்போது வருவது வேறு ஜாதி ஒலி. அறையின் முழக்கம் இருக்காது. தோலின் உரசல், விரல் நகம் படும் சின்னச் சொடுக்கு எல்லாம் முன்னுக்கு வரும். வீட்டு ஆல்பங்களில் டிரம்ஸ் காதுக்குப் பக்கத்தில் யாரோ மேசையைத் தட்டுவது போல ஒலிப்பதற்கு இதுதான் காரணம். பெரும்பாலோர் இதைப் பாணி என்று நினைக்கிறார்கள். அது பக்கத்து வீட்டு அம்மாவுக்காகச் செய்த ஏற்பாடு.

மெதுவாக வாசித்து மைக்கை ஏற்றினால் ஊரும் உள்ளே வந்துவிடும் என்பது இதன் மறுபக்கம். சீலிங் ஃபேன், எல்.ஆர்.டி, சூராவ் என்ற சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து பாங்கு, நாலு மணி இடிமழை போர்ச் கூரையில் விழும் சத்தம். கண்டென்சர் மைக் இவை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும்; 1965-லிருந்து எல்லா மேடையிலும் கிடக்கும் எஸ்.எம்.57 மாதிரி டைனமிக் மைக் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கும். நண்பர் பாங்கு நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். மழை வந்தால் டேக் கிடையாது. குரலை மட்டும் ராத்திரியில் பதிவு செய்வார், அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. அதனால்தான் அவர் பாட்டில் குரல் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உச்சஸ்தாயியில் பாட ஆசையிருந்தாலும் அந்த நேரத்தில் முடியாது.

இதுவரை சொன்னது சுவரின் கதை. பாட்டு எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது.

கிட்டார்க்காரர் பாட்டு எழுதினால் கார்டிலிருந்து தொடங்குவார், பாடகர் மெட்டிலிருந்து. நண்பர் ஃபோனில் வாயால் பதிவு செய்த சொற்கட்டிலிருந்து தொடங்குகிறார். தகதிமி தகிட, தகதிமி தகிட என்று நாலும் மூன்றுமாக ஏழு. அது நாலு சுற்று ஓடியபின் ஒரு இடத்தில் மூச்சு விட வேண்டும். அந்த மூச்சில்தான் வார்த்தை வரும். வார்த்தை என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. மெட்டு அதற்கும் பிறகு. சிறுவயதில் கோயிலில் மிருதங்கம் கொஞ்சம் கற்றவர், ஆகவே கோர்வை என்ற தாளக் கோலத்தை மூன்று தடவை வாசித்துச் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், வந்து இறங்குவது கையில் ஊறியிருக்கிறது. பாப் பாட்டில் பல்லவி செய்கிற வேலையை, அதாவது 'வந்து சேர்ந்துவிட்டோம்' என்ற உணர்வைத் தருவதை, இவருக்கு அப்படி வந்து இறங்கும் தாள முடிப்பே செய்துவிடுகிறது. பிறகு பல்லவி எதற்கு? கேட்பவருக்குப் பல்லவி காணாமல் போனது போல இருக்கும். அவரைப் பொறுத்தவரை அது வந்துவிட்டது.

இது ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். தமிழில் இதற்கு வயது ஐந்நூறுக்கு மேல். பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் ஒரு சந்தக் குழிப்பு இருக்கும். 'தத்தத்தன தத்தத் தனதன' என்று குறில் நெடில், வல்லினம் மெல்லினம் எல்லாம் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு. அந்த அச்சில் வார்த்தை வார்க்கப்படுகிறது. பழைய பண்கள் நமக்கு வந்து சேரவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரவர் ராகத்தில் அமைத்துப் பாடுகிறார்கள். ராகம் மாறினாலும் திருப்புகழ் திருப்புகழாகவே இருக்கிறது, ஏனென்றால் அதில் அசையாதது சந்தம். பாப் பாட்டில் தலைகீழ். மெட்டை வைத்துத்தான் பாட்டை அடையாளம் காண்கிறோம். தாளத்தை ரீமிக்ஸ்காரர் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். பத்துமலையிலும் பினாங்கு தண்ணிமலையிலும் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் திருப்புகழ் கேட்டு வளர்ந்த ஒரு டிரம்மர், தாளத்தை அசையாப் பொருளாக வைத்துப் பாட்டுக் கட்டுவது எனக்கு இயல்பாகவே தெரிகிறது. மேற்கத்திய டிரம்மர் இதே இடத்துக்கு வேறு பாதையில் வருகிறார். நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் 1994-இல், வீட்டில் அல்ல, சியாட்டிலில் ஒரு ஸ்டூடியோவில், ஒரே ஒரு கிட்டார் பகுதியைத் தவிர முழு ஆல்பத்தையும் தனியாக ஒரு வாரத்துக்குள் பதிவு செய்தார். பாட்டு முழுவதையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு முதலில் டிரம்ஸை மட்டும் வாசிப்பார். மற்றவை அதன் மேல் ஏறும்.

செந்தூல் ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உறுமி வரும் இடம். உறுமியின் ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு பக்கத்தை வளைகுச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் அந்த முனகல் ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். தைப்பூசத்தில் அதைக் கேட்டு உடல் சிலிர்க்காத மலேசியத் தமிழர் குறைவு. நண்பர் உறுமிக் குழுத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு அந்தத் தேய்ப்பை மட்டும் பதிவு செய்து, ஒரு ஸ்தாயி இறக்கி, பேஸ் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் க்வான்டைஸ் என்று ஒரு வசதி உண்டு. தாளம் தவறி விழுந்த அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும். உறுமியை அந்தக் கட்டத்துக்குள் இழுத்தால் செத்துவிடுகிறது. அதனால் க்வான்டைஸை அணைத்துவிட்டு, மற்ற வாத்தியங்களை உறுமிக்குப் பின்னால் நடக்க வைத்திருக்கிறார். பேஸ் சற்றுத் தள்ளாடுகிறது. தள்ளாடட்டும்.

இனி, ஏன் இந்தப் பாடு? குழுவில் வாசித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்கலாமே. இதில் காசும் பெயரும் கலந்திருக்கின்றன. பாட்டின் உரிமை என்று சட்டம் பார்ப்பது பெரும்பாலும் மெட்டையும் வரிகளையும்தான். மலேசியாவில் எம்.ஏ.சி.பி. என்ற இசை உரிமை அமைப்பு வசூலிக்கும் ராயல்டி பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பதிப்பாளருக்கும் போகும். பாட்டையே தூக்கி நிறுத்திய பீட்டை யோசித்தவர் டிரம்மராக இருந்தாலும், அவர் பெயர் அந்தப் பட்டியலில் தானாக வந்துவிடாது. உலகத்தில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட டிரம்ஸ், 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு நொடித் துண்டு. ஹிப்-ஹாப்பிலும் ஜங்கிள் என்ற நடன இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது ஓடுகிறது. அதற்காக ஒரு காசும் பார்க்காமல் 2006-இல் வீடற்றவராக இறந்துபோனார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட டிரம்மர், என் பெயரில் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பேண்ட் இசையில் தமிழர்களுக்கு இங்கே நெடுங்காலம் இரண்டு வழிகள்தான் தெரிந்தன. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு போல மலாய்ப் பாட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்கலாம். மூன்றாவது வழியை ராப் திறந்தது. பொயட்டிக் அம்மோவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' போட்டபோது, உள்ளூர்த் தமிழ் ஆல்பம் தமிழ்நாடு வரைக்கும் போகும் என்று தெரிந்தது. அந்த அலையில் பீட்டைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டதால் டிரம்மருக்கு அங்கே இருக்கை இல்லை. இப்போது வீட்டில் தனி ஆல்பம் செய்யும் டிரம்மர்கள் தங்கள் வேலையைப் பறித்த அதே மென்பொருளைத்தான் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வருமானம் என்று பெரிதாக எதுவுமில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடினால்தான் கணக்கிலேயே சேரும் என்று 2024-இல் விதி வைத்துவிட்டார்கள். தமிழில், பல்லவி இல்லாத பாட்டுக்கு அந்த ஆயிரமே மலை. இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடும் பணப்பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது; ஐம்பது பேர் வாங்கினால் அதில் மைக் வயர் மாற்றலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தனியாகச் செய்வதில் பெரிய ஆபத்து, "போதும்டா" என்று சொல்ல ஆள் இல்லாதது. குழுவில் கிட்டார்க்காரர் முகத்தைச் சுளித்தாலே ஒரு நிமிடம் வெட்டுப்படும். வீட்டில் ட்ராக்குக்குச் செலவில்லை, ஸ்டூடியோ மணிக்கணக்கும் இல்லை. நாற்பது அடுக்கு ஏறிவிடும். இந்த வகை ஆல்பங்களில் நான் கேட்டவற்றில் பாதிக்கு மேல் ஏழாவது பாட்டிலேயே களைத்துப்போனவை. செந்தூல் ஆல்பத்திலும் கடைசி மூன்று பாட்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன. குரலை மிக்ஸில் இவ்வளவு பின்னால் ஒளித்து வைத்திருப்பதும் கூச்சம்தானே தவிர, கலைத் தீர்மானம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரிகள் நன்றாக இருக்கின்றன, ஐயா, கொஞ்சம் கேட்கட்டும்.

மேடை இன்னொரு சிக்கல். நாற்பது அடுக்கை ஒருவர் வாசிக்க முடியாது. காலின்ஸ் தன் பாட்டுகளைப் பாட முன்னால் வந்தபோது டிரம்ஸில் செஸ்டர் தாம்சனை உட்கார வைத்தார். 1977-லிருந்து ஜெனசிஸ் மேடைகளில் வாசித்துவந்தவர் அவர். பாண்டா பேர் அந்த ஆல்பத்துக்குப் பிறகு சாம்ப்ளர்களோடு மேடையேறினார். நண்பருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்தே பாடுவது என்று முடிவு செய்து, கல்யாணக் குழுவின் கீபோர்டுக்காரரையும் அந்த உறுமித் தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார். இப்போதைக்கு சிம்பல் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டார்கள். குரல் மைக்குக்குள் முதலில் புகுவது அதுதான்.